பட்டாவில் பெயர் இல்லாதவர்கள்

(புனே மகர்பட்டாவில் தமிழ் அன்பர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னை இந்தக் கூட்டத்துக்கு அழைத்த நண்பர் தொலைபேசியில் "மகர்பட்டாவுக்கு வந்துவிடுங்கள் சார்" என்றார். என் காது அந்தப் பெயரில் கடைசி மூன்று எழுத்தைத்தான் பிடித்துக்கொண்டது. தஞ்சாவூர்க்காரன் காதுக்குப் பட்டா என்றால் ஒரே பொருள்தான். தாலுகா ஆபீஸ், சிட்டா, அடங்கல், 'நாளைக்கு வாங்க' என்று சொல்லும் ஒரு மேசை. மராத்தியில் பட்டா என்றால் வார், கச்சை, நீளவாக்கில் கிடக்கும் நிலம். மகர் குடும்பத்தாரின் நிலப்பட்டை, அதனால் மகர்பட்டா. ஆனாலும் நம்முடைய பொருளும் இந்த ஊருக்குப் பொருந்திப்போகிறது. அதை வைத்துத்தான் இன்று பேசப்போகிறேன்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடம் முப்பது வருஷத்துக்கு முன்னால் கரும்புக் கொல்லை. இங்கே குடியிருக்கும் உங்களில் பலருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். புனே நகரம் கிழக்கே நகர்ந்து வந்தது. 1980-களின் நகரத் திட்டத்திலேயே இந்த நிலம் எதிர்காலத்தில் நகரமாகும் பகுதி என்று குறிக்கப்பட்டுவிட்டது. அப்படிக் குறிக்கப்பட்ட நிலத்துக்கு என்ன நடக்கும் என்று இந்தியாவில் எந்த விவசாயிக்கும் தெரியும். ஒன்று, அரசு எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் தரகர் வருவார், ஏக்கர் ஏக்கராக வாங்கிக்கொண்டு போவார். விற்ற காசில் ஒரு ஜீப், ஒரு கல்யாணம். மிச்சம் பத்து வருஷத்தில் கரைந்துபோகும். விற்றவன் மகன் தன் பாட்டன் நிலத்தில் எழுந்த கட்டடத்துக்கே காவலாளியாக வருவான். சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையோரம் இப்படிக் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே சுமார் 120 விவசாயக் குடும்பங்கள் வேறு மாதிரி யோசித்தன. சதீஷ் மகர் முன்னின்றார். சுமார் 400 ஏக்கரை யாருக்கும் விற்காமல் ஒன்றாகச் சேர்த்தார்கள். தாங்களே ஒரு கம்பெனி ஆனார்கள். யார் எவ்வளவு நிலம் கொடுத்தாரோ அந்த அளவுக்குப் பங்கு. 2000 வாக்கில் கட்டட வேலை தொடங்கியது. நிலம் கைவிட்டுப் போகவில்லை, உருமாறி வருமானமாகத் திரும்பியது. சிங்ஹகட் சாலையில் நாந்தேட் சிட்டி என்று பின்னால் வந்ததும் இதே வழியில்தான். மேலாண்மைக் கல்லூரிகளில் இன்றைக்கு இதைப் பாடமாக வைத்துப் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த சொல் 'பங்கு'. யாரும் விவசாயிக்கு இரக்கப்படவில்லை, நன்கொடை கொடுக்கவில்லை. அவனுடையது அவனுக்குக் கணக்குப் பார்த்து வந்தது, அவ்வளவுதான்.

ஆனால் பங்கு கிடைக்க வேண்டுமென்றால் முதலில் காகிதத்தில் பெயர் இருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் நிலத்துக்கு 'சாத்-பாரா' என்று ஒரு ஆவணம் உண்டு. சாத் என்றால் ஏழு, பாரா என்றால் பன்னிரண்டு. ஏழாம் படிவம் நிலம் யாருடையது என்று சொல்லும். பன்னிரண்டாம் படிவம் அதில் என்ன விளைந்தது என்று சொல்லும். நம்முடைய பட்டாவும் அடங்கலும் சேர்ந்தது போல. அந்தக் கரும்பை வெட்டக் கூலிக்கு வந்த பெண்ணின் பெயருக்கு ஏழிலும் இடமில்லை, பன்னிரண்டிலும் இடமில்லை. நிலம் நகரமானபோது அவளுக்கு என்ன பங்கு?

நம் ஊரில் 'பந்தி வஞ்சனை' என்று ஒரு சொல் உண்டு. ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டு ஒரு இலைக்கு நெய்யும் இன்னொரு இலைக்கு மோரும் ஊற்றுவது. பசியோடு வந்தவனைத் திருப்பி அனுப்புவதைவிடப் பெரிய பாவமாக அதைச் சொல்வார்கள். வேலை, உடல்நலம், சட்டம், குழந்தை என்ற நான்கு இலைகளிலும் இன்று நடப்பது பந்தி வஞ்சனைதான் என்பது என் கட்சி. பரிமாறுபவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. பட்டியலில் இல்லாத இலை அவர்கள் கண்ணில் படுவதில்லை.

கரும்பிலிருந்தே தொடங்குகிறேன். மகாராஷ்டிரத்தில் கரும்பு வெட்டும் கூலிக்கு அலகு 'கொய்தா'. கொய்தா என்றால் அரிவாள். ஒரு கொய்தா என்றால் ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி. இரண்டு பேர் உழைப்புக்கு ஒரு அரிவாள் கணக்கு. முகாதம் என்ற மேஸ்திரி, சீசனுக்கு முன்பே முன்பணம் கொடுப்பார். பெரும்பாலும் அது கணவன் கைக்குப் போகும். அப்புறம் வறண்ட பீட் மாவட்டத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வண்டியேறி வருவார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதவிடாய், வயிற்றுவலி என்று படுத்தாலும் அபராதம்தான்.

2019-இல் இந்தப் பெண்களைப் பற்றி ஒரு செய்தி நாட்டையே உலுக்கியது. நீலம் கோர்ஹே தலைமையில் மாநில அரசு ஒரு குழு போட்டது. பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் சுமார் 82 ஆயிரம் பேரைக் கணக்கெடுத்தார்கள். அவர்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. இதை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்? உடல்நலம் என்றா? விடுப்பு இல்லாத வேலை அல்லவா அந்த நோயைப் பெரிதாக்கியது? வேலை என்றா? பெயரே இல்லாத அரை அரிவாளுக்கு எந்தச் சட்டம் விடுப்புக் கொடுக்கும்? அவள் தூளி கட்டிப் போட்ட குழந்தை கொல்லை ஓரத்தில் கிடக்கிறதே, அது எந்தத் தலைப்பு? அரசாங்கத்துக்கு நான்கு துறை, நான்கு அமைச்சர். அவளுக்கு ஒரே உடம்பு.

சரி, பட்டா இல்லாதவர்கள் சும்மா இருந்துவிட்டார்களா? இல்லை. புனேயில் அவர்கள் தங்களுக்கென்று வேறொரு பட்டா எழுதிக்கொண்டார்கள். இந்த ஊரின் உண்மையான பெருமை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மூட்டை தூக்குபவர்களை இங்கே ஹமால் என்பார்கள். 1950-களின் நடுவில் டாக்டர் பாபா ஆடாவ் இந்த ஹமால்களைத் திரட்டி ஹமால் பஞ்சாயத்து தொடங்கினார். மூட்டை தூக்குபவனுக்கு முதலாளி யார்? காலையில் ஒரு கடை, மத்தியானம் ஒரு லாரி, சாயங்காலம் ஒரு மண்டி. எல்லாருக்கும் வேலை செய்கிறான், அதனால் அவன் யாருடைய ஆளும் இல்லை. 1969-இல் மகாராஷ்டிரம் கொண்டுவந்த மாத்தாடிச் சட்டம் இந்த முடிச்சை அவிழ்த்தது. மாத்தா என்றால் தலை, தலைச்சுமைக்காரன் மாத்தாடி. தொழிலாளியும் வியாபாரியும் ஒரு வாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டும். கூலியோடு சேர்த்து ஒரு தீர்வையையும் வியாபாரி வாரியத்தில் கட்ட வேண்டும். வைப்புநிதி, விடுமுறைச் சம்பளம், வைத்தியம் எல்லாம் வாரியம் பார்த்துக்கொள்ளும். முதலாளி இல்லாதவனுக்குச் சட்டம் ஒரு முதலாளியை உண்டாக்கிக் கொடுத்தது. தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், நம் ஊர் நல வாரியங்களும் இதே யோசனையில் வந்தவைதான்.

அடுத்தது குப்பை பொறுக்குபவர்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். 1990 வாக்கில் எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிலர் வயதுவந்தோர் கல்விக்காக இவர்களிடம் போனார்கள். லக்ஷ்மி நாராயண், பூர்ணிமா சிகர்மானே என்ற பெயர்கள் இந்த ஊரில் பலருக்குத் தெரியும். எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போனவர்கள் பார்த்தது, அம்மாவோடு சேர்ந்து பிள்ளையும் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்ததை. பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டுமானால் அம்மாவின் வேலை மாற வேண்டும் என்ற எளிய கணக்கு அங்கே பிறந்தது. 1993-இல் பாபா ஆடாவும் சேர்ந்து 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' உருவானது. காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகளின் பஞ்சாயத்து.

அவர்கள் முதலில் பணம் கேட்கவில்லை. அடையாள அட்டை கேட்டார்கள். 1990-களின் நடுவில் புனே மாநகராட்சி அந்த அட்டைகளை அங்கீகரித்தது. இங்கே சைபர் சிட்டி அலுவலகங்களில் வேலை பார்க்கும் நண்பர்களே, உங்கள் கழுத்தில் தொங்கும் அட்டை உங்களுக்குக் கதவு திறக்கிறது. இந்தப் பெண்களுக்கு அட்டை செய்த முதல் வேலை, போலீஸ்காரர் திருடி என்று கூப்பிடாமல் தடுத்தது. அட்டை வந்ததால் கணக்கு வந்தது. கணக்கு வந்ததால், இவர்கள் உழைப்பில் மாநகராட்சிக்கு எவ்வளவு செலவு மிச்சமாகிறது என்று ஆய்வு செய்து எடுத்துக்காட்ட முடிந்தது. அதன் பின்னால் 2000-களின் தொடக்கத்தில் மருத்துவக் காப்பீட்டுக்கான பிரீமியத்தை மாநகராட்சியே கட்ட முன்வந்தது. 2008-இல் 'ஸ்வச்' என்ற அவர்களது கூட்டுறவு, வீடு வீடாகக் குப்பை வாங்க மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டது. தெருத்தொட்டியில் பொறுக்கியவள் வாசல் மணியை அடித்து, வாங்குகிற வேலைக்கு மாதக் கட்டணமும் கேட்கிறாள்.

அவர்கள் கேட்ட இன்னொன்று மிகச் சின்னது. பயன்படுத்திய நாப்கினைக் காகிதத்தில் சுற்றி மேலே ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள் என்றார்கள். கையால் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லையே என்பதற்காக. உடல்நலச் சமநீதிக்கு எத்தனையோ மாநாடு போடலாம். அந்தச் சிவப்புப் புள்ளி எத்தனை வீட்டுக் குப்பையில் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை இங்கே 'மௌஷி' என்று கூப்பிடுகிறோம். மராத்தியில் அம்மாவின் கூடப்பிறந்தவள். நமக்குச் சித்தி. சித்தியைக் கேட்டுப் பாருங்கள், வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டா, காய்ச்சல் என்று நாலு நாள் படுத்தால் சம்பளம் பிடிப்போமா என்று. உறவுமுறை வைத்துக் கூப்பிடுவதற்குக் காசு செலவில்லை. 1980-லேயே புனேயில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். 2008-இல் மகாராஷ்டிரம் இவர்களுக்கென்று நல வாரியச் சட்டம் போட்டது. தமிழ்நாட்டில் 2007-இல் வாரியம் வந்தது. ஆனால் வாரியத்தில் பதிய வேண்டுமானால் 'இவர் என் வீட்டில் வேலை செய்கிறார்' என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டுமே. நானும் பல வருஷம் யாருக்கும் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை. யாரும் கேட்கவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பந்தியில் மோர் ஊற்றியவர்களில் நானும் உண்டு என்பதைச் சொல்லாமல் மேலே பேசக் கூடாது.

சட்டத்துக்கு வருகிறேன். சட்டம் எண்ணுவதில்தான் பாரபட்சம் ஒளிந்திருக்கும். 2017-இல் மகப்பேறு உதவிச் சட்டத்தைத் திருத்தினார்கள். முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம். அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவரலாம். நல்ல சட்டம். இந்த அலுவலகக் கோபுரங்களில் வேலை செய்யும் நம் வீட்டுப் பெண்களுக்கு அது பயன்படட்டும். இதே கோபுரங்களைக் கட்டும்போது சாந்துச்சட்டி தூக்கியவளுக்கு 1996-ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் இருந்தது. அதிலும் காப்பகம் இருந்தது, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு. ஆனால் ஒரு நிபந்தனை. 50-க்கு மேற்பட்ட பெண்கள் அங்கே வேலை செய்தாக வேண்டியிருந்தது. அலுவலகத்தில் ஆணும் பெண்ணும் சேர்த்து ஐம்பது, சாரத்தின் கீழே பெண்கள் மட்டுமே ஐம்பதுக்கு மேல். கட்டட வேலையில் புருஷன் பெண்டாட்டியை ஜோடியாக எடுத்துக்கொண்டு புருஷன் பெயரை மட்டும் ஏட்டில் எழுதும் வழக்கம் இருக்கும்போது ஐம்பது பெண்கள் எங்கிருந்து சேருவார்கள்? 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 'பெண்கள்' என்பது 'தொழிலாளர்கள்' ஆகியிருக்கிறது. ஒரே ஒரு சொல். அந்தச் சொல் மாற முப்பது வருஷம் ஆயிற்று.

விடுப்பும் அப்படித்தான். ஒருத்திக்கு 26 வாரச் சம்பளம். இன்னொருத்திக்குத் தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துமாகச் சேர்த்து 18,000 ரூபாய். நாட்டில் நல்ல திட்டங்களில் ஒன்று அது, குறை சொல்லவில்லை. ஆனால் பிரசவ வலியில் இரண்டு தரம் கிடையாது.

சட்டம் வரும்வரை சிலர் காத்திருக்கவில்லை. 1969, காந்தி நூற்றாண்டு. டெல்லி ராஜ்காட் பக்கம் விழாவுக்கான கட்டட வேலை. மண்ணில் கிடந்த கூலிக்காரர் குழந்தைகளைப் பார்த்த மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரத்தைப் போட்டுக் காப்பகம் தொடங்கினார். 'மொபைல் கிரெஷஸ்' என்ற அமைப்பு அப்படிப் பிறந்தது. கட்டடம் முடிந்தால் காப்பகமும் அடுத்த கட்டடத்துக்கு நடக்கும். மும்பைக்கும் பிறகு புனேவுக்கும் அது வந்தது. இன்று 'தாரா மொபைல் கிரெஷஸ்' என்ற பெயரில் இந்த ஊர்க் கட்டட வளாகங்களில் வேலை செய்கிறது.

இந்த இடத்தில் தமிழர்கள் மறந்துவிட்ட ஒருவரைச் சொல்ல வேண்டும். மினா சுவாமிநாதன். வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் மனைவி என்று தெரியும். 'வாஸவேச்வரம்' எழுதிய கிருத்திகாவின் மகள் என்று வாசகர்களில் சிலருக்குத் தெரியும். பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளைப் பற்றி ஆராய 1970-களின் தொடக்கத்தில் மத்திய அரசு அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். சத்துணவு தனி, தடுப்பூசி தனி, படிப்பு தனி என்று பிரித்துக் கொடுக்காதீர்கள், குழந்தை ஒன்றுதான் என்பது அந்தக் குழுவின் சாரம். 1975 அக்டோபர் 2 அன்று 33 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு, அதாவது நம் அங்கன்வாடிக்கு, அது வழி போட்டது. தாயார் நாவலில் ஒரு கிராமத்தின் உள்வீட்டைத் திறந்து காட்டினார். மகள் நாட்டின் கொல்லைப்புறத்தில் கிடந்த குழந்தையைக் காட்டினார்.

ஆனால் அந்தக் குழந்தையின் பெயர் சட்டத்தில் இருக்கிறதா? அரசியல் சாசனத்தின் 45-ஆம் பிரிவு முதலில் என்ன சொன்னது? பதினான்கு வயது முடியும்வரை எல்லாக் குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயற்சி செய்யும் என்றது. எந்த வயதிலிருந்து என்று கீழ்வரம்பு போடவில்லை. 2002-இல் 86-ஆவது திருத்தம் வந்தது. ஆறு முதல் பதினான்கு வரை கல்வி அடிப்படை உரிமை ஆயிற்று, மகிழ்ச்சி. அதே திருத்தத்தில் ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மட்டும் அரசு 'முயற்சி செய்யும்' என்றே விட்டுவிட்டார்கள். உரிமைக்கும் முயற்சிக்கும் உள்ள தூரம் கடன் கொடுத்தவர்களுக்குத் தெரியும். 2006-இல் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் ஈடு செய்தது. நாட்டில் 14 லட்சம் அங்கன்வாடிகள் வேண்டும் என்றது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருக்கும் குடியிருப்பு கேட்டால் அங்கன்வாடி திறந்தாக வேண்டும் என்றது. அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பு வந்தது 2022-இல்தான். அரசின் கணக்கில் அவர்கள் 'கௌரவ ஊழியர்கள்'. கௌரவம் என்ற சொல்லைச் சம்பளத்துக்குப் பதிலாக இவ்வளவு காலம் வேறு யாருக்கும் கொடுத்ததில்லை.

முடிக்கும் முன், இந்த மண்ணிலேயே நடந்த ஒன்று.

1863. புனேயில் ஒரு பிராமண விதவை, தனக்குப் பிறந்த சிசுவைக் கொன்ற குற்றத்துக்காக அந்தமானுக்கு அனுப்பப்பட்டாள். அவளை ஏமாற்றியவனுக்கு ஒன்றும் நேரவில்லை. சட்டம் அந்தப் பெண்ணிடம் தண்டனையோடு வந்தது. அதைப் பார்த்து, சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் பூலேயும் அவர் மனைவி சாவித்திரிபாயும் தங்கள் வீட்டிலேயே ஒரு பிரசவ இல்லம் திறந்தார்கள். எந்த விதவையும் வரலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், குழந்தையை விட்டுவிட்டும் போகலாம். அங்கே பிறந்த ஒரு ஆண் குழந்தையை அவர்களே தத்து எடுத்துக்கொண்டார்கள். யஷ்வந்த் என்று பெயர் வைத்தார்கள். யஷ்வந்த் படித்து டாக்டர் ஆனார்.

1897. புனேயில் பிளேக். ஊரே ஓடிக்கொண்டிருந்தது. யஷ்வந்த் நகருக்கு வெளியே, ஹடப்சர் பக்கம் சசாணே மளா என்ற தோட்டவெளியில், பிளேக் நோயாளிகளுக்கு மருத்துவமனை போட்டார். முண்ட்வா கிராமத்துக்கு வெளியே மஹார் குடியிருப்பில் கெய்க்வாட் குடும்பத்துப் பையன் ஒருவனுக்கு நோய் என்று சாவித்திரிபாய்க்குத் தகவல் வந்தது. அறுபத்தாறு வயது. போனார். பையனை முதுகில் சுமந்துகொண்டு மருத்துவமனைக்கு வந்தார். நோய் அவரைப் பற்றிக்கொண்டது. மார்ச் 10 அன்று இறந்துபோனார்.

முண்ட்வா எங்கே? உங்கள் வாசலுக்கு வடக்கே. ஹடப்சர் எங்கே? உங்கள் வாசலுக்குத் தெற்கே. அந்த அம்மா நடந்த வழி நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடத்தின் ஓரமாகத்தான் போயிருக்க வேண்டும்.

எந்த ஏட்டிலும் பெயர் எழுதப்படாமல் செத்திருக்க வேண்டிய ஒரு சிசுவுக்கு 1870-களில் ஒரு தொட்டில் கிடைத்தது. இருபத்து சொச்சம் வருஷம் கழித்து அந்தத் தொட்டில் மருத்துவமனையாக இதே மண்ணுக்கு வந்தது. குழந்தைப் பருவத்துக்கு ஏன் செலவு செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

முதுகில் சுமக்கச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. மூன்று காரியம் கேட்கிறேன். வீட்டு வேலைக்கு வருபவருக்கு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்: சேர்ந்த தேதி, சம்பளம், வார விடுமுறை, நோய் விடுப்பு. உங்கள் வளாகத்தில் அடுத்த கட்டடத்துக்குப் பூமி பூஜை நடக்கும்போது, குழந்தைக் காப்பகம் எங்கே வரப்போகிறது என்று பில்டரிடம் கேளுங்கள். இதோ இந்தக் கட்டடத்துக்குப் பக்கத்தில் அங்கன்வாடி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் இன்று காலை மூன்று பேரைக் கேட்டேன். மௌஷிக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.